வலது கை

ரேடியோவின் காதைத் திருகி
முழுச் சத்தத்தில் விட்டுவைப்பாள் முடின்டா.
இப்போதைக்கு ஊமை.
கரண்ட் வந்தால் அதுதான் கத்தி எழுப்பும்.

மஞ்சள் கேன் நான்கு, வாளி இரண்டு
குழாயடியில் வாய் பிளந்து.
இஸ்திரிப் பெட்டியின் வயர் பிளக்கிலேயே.
மேசைமேல் பள்ளிச் சட்டை
கைவிரித்துக் கிடக்கிறது.
பிரிட்ஜில் மீன் வைக்காதே என்றிருந்தாள்;
கணவன் வைத்தான்.
அதைப் பற்றி இந்த வீட்டில் இனிப் பேச்சில்லை.

அணையில் தண்ணீர் இல்லையாம்.
லுசாகாவுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம்,
எந்த மூன்று என்று
அட்டவணைக்கே தெரியாது.

இரவு இரண்டு பத்துக்கு
ஒரு போதகர் வீட்டுக்குள் பாய்ந்தார்:
"எழுந்திருங்கள், வெளிச்சம் வந்துவிட்டது!"
சுவருக்கு அப்பாலும் கதவுகள், வாளிகள், யாரோ இருமுவது.
சோல்வே சார்ஜருக்கு ஓடினான்,
அவள் சட்டைக்கு.

வலது கை முடிந்தது. காலரில் பாதி.
போதகர்
ஒரு சொல்லின் நடுவே நின்றுபோனார்.

காலையில் பள்ளி வரிசையில்
சோல்வேக்கு முன்னால் ஒரு வலது கை
மடிப்புக் கலையாமல்.
இரண்டு பேர் தள்ளி இன்னொன்று;
அந்தப் பெண்ணும் இவன் கையைத்தான் பார்க்கிறாள்.

பெயர் தெரியாது.
அதே லைன்.