முப்பது வினாடி

நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்
திரும்புகிற இடத்தில் இறங்கினேன்.
இன்னும் விடியவில்லை.
முக்காலியைப் பார்த்த கண்டக்டர்
"சர்வேயா மிஸ்?" என்றான்.
ஆமென்று விட்டேன்.

மட்டக்குளி.
கொழும்பை முழுக்கக் குடித்த களனி கங்கை
கடலிடம் வாய் திறக்கிற இடம்.
நேற்று மாலை காலிமுகத்திடலில்
சூரியனுக்கு முன்னால் எத்தனை முதுகுகள்.
இங்கே காற்றாடி விற்க ஆளில்லை.
வரைபடத்தில் நீலம் நீலத்தைத் தொடும்,
நேரில் பழுப்பு.
மணலில் வெள்ளை மணிகள்,
கப்பல் எரிந்த வருடத்து பிளாஸ்டிக்.
லென்ஸுக்கு அவையும் சிப்பிதான்.

கேட்டது ஒரு காப்புறுதிக் கம்பனி.
காலண்டருக்குப் பன்னிரண்டு நிலம்,
"ஆட்கள் மட்டும் வேண்டாம், பிளீஸ்."
எனக்குக் கிடைத்தது செப்டெம்பர்.

கறுப்புக் கண்ணாடி மாட்டி
முப்பது வினாடி திறந்து வைத்தால்
அலை பாலாகிவிடும்,
காகங்கள் இல்லாமல் போகும்,
கரையால் நடந்து போகிறவன்
போகவே இல்லை.
இப்படித்தான் நான் ஆளில்லாத இடங்களைக் கண்டுபிடிக்கிறேன்.

மூன்றாவது படத்தில் ஒருவர் இருந்தார்.
முழங்கால் தண்ணீரில், தோளில் வலை,
சாரத்தின் கட்டங்கள்கூட எண்ணலாம்.
சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டார்.
"முடிஞ்சுதா பிள்ளை? அசையாமத்தான் நிண்டன்."
ரொமுவால்ட் குரூஸ்.
பேசாலையில் பிறந்து
இந்தக் கரையில் இருபத்தாறு வருடம்.
பிறகு எடுத்த ஒன்பதிலும்
அந்த வெளிச்சம் வரவில்லை.

கம்பனியில் நிஹாரா பெருக்கிப் பார்த்தாள்.
"நல்லாயிருக்கு. இவர எடுத்துரலாம்."
எடுத்துவிட்டார்கள்.
கீழே தண்ணீரில் கிடந்த கறுப்புக் கோட்டை
மறந்துவிட்டார்கள்.
செப்டெம்பரில் இப்போது
யாருமில்லாத ஒரு நிழல் நிற்கிறது,
எல்லாக் கிளைகளின் சுவரிலும்.

டிசம்பரில் ஒரு பிரதி கொண்டுபோனேன்.
சொல்ல ஒரு மன்னிப்பும்
பஸ்ஸில் வரும்போதே தயாரித்திருந்தேன்.
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
செப்டெம்பரைப் பார்த்தார்.
கோட்டின் மேல் விரலை வைத்தார், எடுத்தார்.
கோபமில்லை. சிரிக்கவும் இல்லை.
தாளைப் பின்னால் புரட்டினார்.
ஓகஸ்ட், மலை.
ஜூலை, ஏதோ ஒரு குளம்.
ஜூனில் நின்றார்:
உப்பளம், வெள்ளை வெளேரென்று,
அடிவானம் வரை ஒருவருமில்லை.

"இது எங்கட பக்கம்."
கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
"இதில நிண்டது ஆர்?"

அதை எடுத்தது வேறொருவர், என்றேன்.

"அவரிட்டக் கேளும்," என்றார்,
காலண்டரைத் திருப்பித் தராமல்.