எங்கிருந்து அளப்பது

படிவம் கேட்டது இருநூறு மீட்டர்.
நான் எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு.
பொய்யில்லை.
ஐஸ் பக்ரறிப் படலையிலிருந்து தெருவால் நடந்து,
மதவடியில் திரும்பி,
சந்தியில் படுத்திருந்த மாட்டுக்கு விலகி,
ஒழுங்கையால் பள்ளிக்கூடப் படலைக்கு வந்தால்
இருநூற்றுப் பன்னிரண்டுதான்.
நாடாவின் மறுநுனியைப் பிடித்தவர்
பக்ரறி மனேச்சர் இன்பநாதன்.
சோடா வாங்கித் தந்தார். குடித்தேன்.

அமோனியா தெருவால் நடப்பதில்லை.

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடம்.
பருத்தித்துறைக் கடலிலிருந்து நேரே வாடை.
ஒரு வால்வின் வாசர்,
சட்டைப் பொத்தானளவு ரப்பர்,
தேய்ந்து கைவிட்டது.
கொம்பிறசர் அறைக்கும்
பிள்ளைகளின் கழிப்பறைச் சுவருக்கும் நடுவில்
ஒரு பூவரசு, இரண்டு முள்முருக்கு.
வேறொன்றுமில்லை.

பைப்படியில் போத்தல் நிரப்பிய தக்சரா
யாரோ வெங்காயம் உரிக்கினம் என்று நினைத்தாளாம்.
பிறகு தரம் நான்கு முழுக்க இருமியது.
விமலேஸ்வரி ரீச்சர் சேலைத் தலைப்பை வாளியில் தோய்த்து
மூக்கு மூக்காய்ப் பொத்திக்கொண்டு போனா.
ஒரு தலைப்பு, முப்பத்தெட்டு மூக்கு.
அதிபர் மணியடித்தார்.
மணி அடித்தால் படலைக்கு ஓடத்தான்
பிள்ளைகளுக்குத் தெரியும்.
படலை திறந்தது
புகை வந்த ஒழுங்கைக்குள்.

வாடியிலிருந்து தகப்பன்மார் ஓடிவந்தார்கள்,
ஐஸ் உடைக்கிற அலவாங்குகளோடு.
மேற்கு மதிலில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை.
அதால் பிள்ளைகளை ஒவ்வொன்றாய்
மீன்பெட்டி மாற்றுவதுபோல
கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள்.

பதினேழு பேர் மந்திகை ஆசுபத்திரிக்கு.
பதினாறு பேர் அந்திக்கு வீட்டுக்கு.
சிறிலின் மகன் மூன்று நாள் முகமூடிக்குள்.
ஒருவரும் சாகவில்லை.
அதனால் கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

பள்ளிக்கூடத்தை நகர்த்தலாம் என்றார் தவிசாளர்,
அது போன வருசம் வந்து குந்தியதுபோல.
தகப்பன்மார் நிலத்தைப் பார்த்தார்கள்.
ஐஸ் இல்லாவிட்டால்
சூடை மத்தியானத்துக்குள் நாறிவிடும்;
கடன்காரன் நாறாமல் வருவான்.
பின்வாங்கில் இருந்து யோகராணி மட்டும் எழும்பி,
"உதைப் பூட்டச் சொல்லேல்லை சேர்.
தள்ளி வையுங்கோ எண்டுதான் கேக்கிறம்.
உப்பளப் பக்கம் வெறும் தரவை கிடக்குது,
அங்க ஆருக்கு மூக்கு இருக்கு?"
சொல்லிவிட்டு
என்னைப் பார்த்தா.
கையெழுத்து என்னுடையது என்று
அவவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தனியப் போனேன்.
நாடாவின் பூச்சியத்தைப் பிடிக்க ஆளில்லை;
கழிப்பறைச் சுவரில் ஆணி அடித்துக் கொளுவினேன்.
சுவரில், என் முழங்கால் உயரத்தில்,
கரியால் வரைந்த ஒரு கப்பல்,
பக்கத்தில் யாரோ யாரையோ குரங்கென்று எழுதியிருந்தது.
பூவரசைச் சுற்றாமல்,
மதிலுக்கு மேலால், நேரே.
முப்பத்தொன்று.
திரும்ப அளந்தபோது
வாடை நாடாவைத் தூக்கி வில்லாய் வளைத்தது.
முப்பத்தொன்றரை.
அந்த அரையை நான் எழுதவில்லை.

படிவத்தில் காற்றுக்குக் கூடு இல்லை.
ஓரத்தில் பேனையால் ஒன்று கீறி
'கார்த்திகை முதல் மாசி வரை: பூச்சியம்'
என்று நிரப்பினேன்.
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

மேசையில் இன்னொரு கோவை கிடக்கிறது.
மேற்கு மதிலின் ஓட்டையை அடைக்க
எத்தனை கல், எத்தனை பை சீமெந்து
என்று கேட்டிருக்கிறார்கள், அவசரமாம்.
இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.