வடிதாள்

காலை ஆறுக்கு வைத்த தாளை
மதியம் இரண்டுக்கு எடுக்க வேண்டும்.
விரல் படக் கூடாது, சாமணத்தால்தான்.
மூலையில் எண் எழுதப் பென்சில்,
மைக்கும் எடை உண்டு என்பார் லேப் சார்.

மந்தாரக்குப்பம் பக்கத்துச் சுரங்கம்.
டைம் ஆபீஸ் மொட்டைமாடியில் என் மிஷின்.
எட்டு மணி நேரம் காற்றை இழுக்கும்.
இழுத்ததில் எதைப் பிடித்துக்கொள்வது என்பது
தாளின் பொறுப்பு.

வெள்ளையாகப் போகும்.
டீ கொட்டிக் காய்ந்த நிறத்தில் வரும்.
போன எடை இரண்டு புள்ளி ஏழு ஒன்று நான்கு எட்டு.
வந்த எடை இரண்டு புள்ளி ஏழு எட்டு ஒன்பது மூன்று.
கழித்து, வகுத்து
நூற்று நாற்பத்தொன்று என்று எழுதுவார் சார்.
நூறைத் தாண்டினால் சிவப்புப் பேனா.
ரெஜிஸ்டரை யாரும் எடை போடுவதில்லை,
அங்கே மை செல்லும்.

கேட்டில் பலகைகள், மூன்று மொழியில்.
தலைக்கவசம் அணிக.
வேகம் இருபது.
மண் சரியும், ஓரம் செல்லாதே.
நடுவில் ஆணியில் தொங்கும் தகர எண்கள்:
விபத்தில்லா நாட்கள் 212.

எண் மாற்றுவது இருசப்பன் அண்ணன்.
கன்வேயருக்கு அடியில் சிந்தியதைப்
பத்தொன்பது வருஷம் வாரியவர்.
மூச்சு வாங்குகிறது என்றதும்
லேசான வேலை கொடுத்தார்கள்.
ஐந்து படி ஏணி.
மூன்றாம் படியில் நின்று இருமுவார்.
கையில் 3.
கீழே நான் ஏணியைப் பிடித்திருப்பேன்.
முதல் ஷிஃப்ட் ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள்.
இருமி முடித்து, வாயைத் துடைத்து, மாட்டுவார்.
213.
"இது கணக்குல வராது அஞ்சலாட்சி"
என்று சிரித்துக்கொண்டே இறங்குவார்.

மிஷின் மேல் துண்டு காயப்போடுகிறார்கள் என்று
நான்தான் போர்டு கேட்டேன்.
வடலூரிலிருந்து வந்த பெயிண்டர் ஜெபமாலை
வெயிலில் குந்தி எழுதிவிட்டுப் போனார்:
தூது அளக்கும் இடம். தொடாதீர்.

சுவுக்குப் பதில் து.
சேஃப்டி ஆபீசருக்குக் கோபம்.
உடனே திருத்தச் சொல்லிக் கடுதாசி போயிருக்கிறது.
ஜெபமாலை இன்னும் வரவில்லை.

பத்தாவதில் தமிழம்மா சொன்னது ஞாபகம் வந்தது.
கிளியைத் தூது விட்டார்கள், அன்னத்தை விட்டார்கள்,
மேகம், தென்றல், எது கிடைத்ததோ அது.
போனது போய்ச் சேர்ந்ததா என்று
கடைசி பெஞ்சிலிருந்து கேட்டேன்.
பரீட்சைக்கு அது வராது என்றார்.

என் தாள் தினமும் திரும்பி வருகிறது.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் போக உலர்ந்து,
கவரில் ஏறி, பீரோவில் அடுக்காகி,
சொல்ல வந்ததை
நெஞ்சிலேயே ஒட்டவைத்துக்கொண்டு.

முந்நூறாவது நாளுக்கு லட்டு கொடுத்தார்கள்.
இருசப்பன் அண்ணன் சிதம்பரம் பெரியாஸ்பத்திரியில்.
குழாயில் ஊதச் சொல்கிறார்களாம்,
குண்டு பாதிகூட எழும்பவில்லையாம்,
அவர் மகள் போனில் சொன்னாள்.
அவர் பங்கு லட்டைப் பேப்பரில் மடித்து வைத்தேன்.

"ஏணி இருக்கு, நீ மாத்தும்மா" என்றார் இன்சார்ஜ்.
ஏறினேன்.
பழக்கதோஷம், எண்களையும் ஓரத்தில்தான் பிடித்தேன்.
ஒன்பது. ஒன்பது.
இரண்டும் நேற்றும் முந்தாநாளும் கைபட்ட இடம்,
எளிதாக வந்துவிட்டன.
நூறு நாள் அசையாத 2
ஆணியோடு ஒட்டியிருந்தது.
ஆட்டி ஆட்டிக் கழற்றினேன்.

பின்னால் பலகை
பெயிண்ட் அடித்த அன்றைக்கு இருந்த வெள்ளையில்,
சரியாக ஒரு 2.
சுற்றிலும் பழுப்பு.

கீழே கைதட்ட நின்றிருந்தவர்களைப் பார்த்தேன்.
பாக்கெட்டில் சாமணம் இருந்தது, பென்சில் இருந்தது.
அந்த வெள்ளையைக் கழற்றி எடுத்து
எடை போட முடியாது.

3-ஐ மாட்டினேன்.
முழுசாக மறையவில்லை.