மாவட்ட எல்லைக்குள்

விமானம் மூன்றாம் தடவையும் ரத்தான அன்று
பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்துக்
கொடியில் போட்டேன்.
துவைத்தவைதாம். மடிப்பாவது கலையட்டும் என்று.

நான்கு வருடம் இந்த ஊரில்.
மாவு ஆலை ஆய்வுக்கூடம், அறை, ஆய்வுக்கூடம்.
விடுமுறை என்றால் கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ்.
திருகோணமலை எப்படி என்று கரூரில் கேட்டவர்களுக்கெல்லாம்
கோதுமையின் ஈரப்பதத்தைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாவட்டத்தைத் தாண்டக்கூடாது.
தாண்டாமல் எவ்வளவு தூரம் போகலாம்?
ரிஸ்மியா தன் ஸ்கூட்டியை இரவல் தந்தாள்.
'கிண்ணியாப் பாலத்தில நின்டு பாருங்க,
வெயில் சாயக்குள்ள' என்றாள்.

நின்றேன்.
தான் கடலா ஆறா என்று
தண்ணீருக்கே இன்னும் முடிவாகவில்லை.

கன்னியாவில் வாசல் பூட்டு.
ஆளில்லாவிட்டாலும் ஏழு கிணறும் சூடாகத்தான் இருக்கும் என்றார் காவலாளி,
அடுப்பை அணைக்காமல் வெளியே வந்தவர் போல.

கோட்டை மான்கள் நகருக்குள் இறங்கியிருந்தன.
சாத்திய பேக்கரி முன்னால் ஒன்று
கொம்பில் யாருடையதோ நீல முகக்கவசத்தோடு
மாலைப் பணிசுக்குக் காத்து நின்றது.

சோதனைச் சாவடியில் ஒரு கொப்பி:
பெயர், வாகன இலக்கம், போகும் காரணம்.
முதல்நாள் 'மருந்து' என்று எழுதினேன். பொய்.
பத்தாம்நாள் 'கடல்' என்று எழுதினேன்.
தமிழ் எழுத்துக் கூட்டிப் பழகும் இளம் பொலிஸ்காரர்
க, ட, ல் என்று விரல்வைத்து வாசித்து
'முஹுத?' என்றார்.
அவருக்கும் ஊர் வேறெங்கோ. தடையைத் தூக்கிவிட்டார்.

உப்புவெளியில் போர்க்கால மயானம்.
பத்தொன்பது வயது. இருபத்திரண்டு. மறுபடி பத்தொன்பது.
புல் வெட்டுகிறவர் மட்டும் ஊரடங்கிலும் வந்திருந்தார்.
'உங்கட ஆக்களா?'
இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

இரவில் அக்கா வீடியோவில்:
'அடைஞ்சு கெடக்கியேடா, சாப்பிட்டியா?'
நான் கிண்ணியா என்றேன், கன்னியா என்றேன்.
ஒரே ஊரை ஏன் ரெண்டு தடவை சொல்றே என்றாள்.

வெள்ளிக்கிழமை விசேட விமானம் என்று
தூதரகத்திலிருந்து தகவல் வந்தது.
சட்டைகள் கொடியிலேயே வெளிறியிருந்தன.
சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்,
புறாமலைக்கு வள்ளம் எப்போது ஓடும்?

ரிஸ்மியா பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள்.
'நீங்க போன பிறகு' என்றாள்.