செவ்வாய்க்கிழமைச் சண்டை

எங்கள் வீட்டில் சண்டை போட இடமில்லை.
ஐஸ்ஹவுஸ் பின்சந்து, மாடிப் போர்ஷன், ஒற்றை அறை.
அடுப்புக்கும் டிவிக்கும் நடுவே மாமியார் படுத்துவிட்டால்
கோபத்துக்குக் கால் நீட்ட முடியாது.
சுவருக்கு அந்தப்பக்கம் ஷமீம் அக்கா
மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

அதனால் செவ்வாய்க்கிழமைகளில் மெரினா.
ஞாயிறு வேண்டாம்.
அன்றைக்கு ஊரே அங்கே வந்து சந்தோஷமாக இருக்கும்.

ரோட்டைக் கடக்கும்வரை பேச மாட்டோம்.
செருப்பைக் கையில் எடுத்ததும் தொடங்குவேன்.
தண்ணீர்வரை எவ்வளவு மணல்!
வளையலை யாரைக் கேட்டு அடகு வச்சீங்க என்று
ராட்டினத்தருகே ஒருமுறை,
பலூன் சுடும் கடையருகே ஒருமுறை,
குதிரைக்காரன் அதட்டினால் ஒதுங்கி
குதிரை போனதும் விட்ட இடத்திலிருந்து.

அலையோரம் குரலை உயர்த்தலாம்.
அதற்குத்தானே வந்தது.
தண்ணீர் பின்வாங்கும் நேரம் பார்த்து
நிறுத்தத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.
இவருக்கு அது வராது.
‘உங்கண்ணன் மட்டும்’ என்பது
தனியாக, தெளிவாக, எல்லார் காதிலும் விழும்.

யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
படகு மறைவில் ஒரு துப்பட்டாவுக்குள் இரண்டு தலைகள்.
ஆபீஸ் பையை மடியில் வைத்த ஒருவன்
வீட்டில் சொல்லாத எதையோ
கடலைப் பார்த்து முணுமுணுக்கிறான்.

போன வாரம்
நாலு முழம் தள்ளி ஒரு ஜோடி.
எங்களைவிட வயது கூட.
அந்தம்மா வாயே திறக்கவில்லை.
ஈரமணலில் விரலால் கணக்குப் போட்டாள்:
அசல், வட்டி, பதினெட்டு மாதம்.
அலை வந்து அழித்தது.
ஒரு முழம் மேலே நகர்ந்து
மறுபடி அசலிலிருந்து.
அந்த ஆள் மிளகாய் பஜ்ஜியைப் பேப்பரில் ஒற்றி ஒற்றி
நீட்டியபடியே இருந்தார்.
கணக்கு முடியாமல் அவள் வாங்குவதாக இல்லை.

நான் எதில் நிறுத்தினேன் என்பதே மறந்துவிட்டது.
‘ஏழு வரணும். தப்பாக் கூட்டுறாங்க’ என்றார் இவர்
என் காதோடு.
லேத் பட்டறைக் கூலியையே
எண்ணி வாங்கத் தெரியாத மனுஷன்.

பத்து மணிக்குப் போலீஸ் விசில்.
எல்லாரும் எழுந்து பின்பக்கம் தட்டிக்கொண்டோம்
ஒரே படம் பார்த்து வெளியே வருகிறவர்கள் மாதிரி.
பஜ்ஜி அவள் கையில் இருந்தது.
தின்றாளா, தெரியாது.

வளையல் இன்னும் சேட்டுக் கடையில்தான்.
புடவை மடிப்பிலிருந்த மணலை
வாசலில் உதறினேன்.
கண்ணைத் திறக்காமலே மாமியார் கேட்டாள்:
‘காத்து எப்படி இருந்துச்சு இன்னிக்கு?’
‘பரவால்ல அத்தை’ என்றேன்,
‘போன வாரத்துக்குக் கொஞ்சம் கம்மி.’