படலம்

பலத்த காற்று நாட்களில்
நடப்பவர் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கயிறு கட்டும் ஊர்,
புந்தா அரேனாஸ்.
ஒரு கையால் அந்தக் கயிற்றையும்
மறு கையால் இடது தாடையையும் பிடித்தபடி
வந்து சேர்ந்தான் எலியூத்தேரியோ பார்ரியா,
கப்பல்களின் அடிவயிறு சுரண்டுகிறவன்.

கீழ்க் கடைவாய்ப் பல். மூன்றாம் முறை.
முதல் முறை நீரிணைக்கு அக்கரையில் யாரோ
நரம்பெடுத்து அடைத்து அனுப்பினார்கள்.
மறு வருடம் ஹிமேனாவே அடைப்பைப் பிரித்து,
கழுவி, திரும்ப அடைத்தாள்.
இடையில் நாலு சுற்று அமாக்சிசிலின்.
ஒவ்வொரு சுற்றிலும் வீக்கம் வடியும்.
அவன் சந்தோஷமாக ஆட்டு விலா கடிப்பான்.
பதினைந்தே நாளில் ஈறில் அந்தக் கொப்புளம்
எட்டிப் பார்க்கும்,
வாடகை பாக்கிக்கு வந்து நிற்பவன் மாதிரி.

"மருந்து வேலை செய்யவில்லையா, டாக்டர்?"
"செய்கிறது. மிதப்பதைக் கொல்கிறது.
ஒட்டிக்கொண்டதை அதிகம் தொடுவதில்லை."

திரையைத் திருப்பினாள்.
வேர் நுனியில் பருப்பளவு நிழல்.
"முதலில் ஒன்றிரண்டு வந்து ஒட்டும்.
ஒட்டியதும் தன்னைச் சுற்றிப் பசை சுரக்கும்.
பிறகு..."

அவன் கையை உயர்த்தினான்.

"பிறகு எனக்குத் தெரியும்.
புதுச் சாயம் பூசிய கப்பலைத் தண்ணீரில் இறக்குங்கள்.
மறுநாள் கை வைத்தால்
கண்ணுக்கு ஒன்றுமில்லை, விரல் மட்டும் வழுக்கும்.
அந்த வழுக்கலைப் பிடித்துக்கொண்டுதான்
மற்றவர்கள் குடியேறுவார்கள்: பாசி, சிப்பி, கொட்டலசு.
சாயத்தில் செம்பு நஞ்சு கலந்திருக்கும்.
மேலே இருப்பது அதைக் குடித்துச் சாகும்.
செத்தது கூரையாகும்.
கூரைக்குக் கீழே குடித்தனம் நடக்கும்."

ஹிமேனா பேனாவை மூடி வைத்தாள்.

படலம் என்று பெயர் அதற்கு.
கதையிலும் அப்படித்தான்,
ஒரு படலம் முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும்.
அடியாழத்தில் இருப்பவை
உண்பதும் அரிது, பெருகுவதும் அரிது.
சுவர் எழுப்புகிறவனைத்தான் இந்த மருந்துக்கு அடையாளம் தெரியும்,
தூங்குகிறவனைத் தாண்டிப் போய்விடும்.
வேருக்கு வெளியே உடம்பின் காவல்படை
உள்ளே நுழைய வழியின்றி
நின்று நின்று சலித்து
கடைசியில் சொந்த எலும்பையே கரைக்கிறது.
திரையில் தெரியும் நிழல்
பகைவன் அல்ல.
காவலர் நின்ற இடம்.

ரப்பர் விரிப்பு. உருப்பெருக்கி.
இரண்டு வேர்க்குழாய்களுக்கு நடுவே, போன தடவை காணாத
மயிரிழைப் பிளவு.
அவள் தன்னையே ஸ்பானிஷில் மெல்லத் திட்டிக்கொண்டாள்.
வெளுப்பு மருந்தை ஊற்றி, ஊசிமுனையை அதிரவிட்டு,
ஊற்றி, அதிரவிட்டு, 
ஒன்றே முக்கால் மணி நேரம்.
வெளியே ஜன்னல் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

வாய் கொப்பளித்து நிமிர்ந்தவன்
நாற்காலியின் முதுகில் சுருண்டு கிடந்த
மெல்லிய குழாய்களைப் பார்த்தான்.
தொழில் பார்வை.
"என் வாய்க்குத் தண்ணீர் கொண்டு வருவது இதுதானே?
உள்ளே எப்போது சுரண்டினீர்கள்?"

"தினமும் காலையில் இரண்டு நிமிடம் ஓடவிடுகிறோம்."

அவன் சிரிக்கவில்லை.
"கப்பலும் ஓடுகிற தண்ணீரில்தான் இருக்கிறது, டாக்டர்."

எல்லோரும் போன பிறகு
ஒரு குழாயைக் கழற்றி
கத்தியால் நீளவாக்கில் கீறினாள்.
பளிச்சென்று இருந்தது.
கட்டைவிரலை வைத்தாள்.

நழுவியது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.
அவளுடைய நாக்கு, கேட்காமலே,
கீழ்முன்பற்களின் பின்பக்கம் போய்த் தடவிவிட்டு வந்தது.

புதுக் குழாய்க்கு சாந்தியாகோவுக்கு எழுதினாள்.
பிறகு பார்ரியாவின் அட்டையை எடுத்து
'குணம்' என்று எழுதப் போனவள்
'ஆறு மாதம் கழித்துப் படம்' என்று எழுதி,
விளக்கை அணைத்து,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.