ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது

கஸ்பாவில் மூன்றாவது சந்து.
எதிரே ஆள் வந்தால்
ஒருத்தர் சுவரோடு சுவராக வேண்டும்.
மாதம் ஒருமுறை
அளவுப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
பக்கவாட்டில் நடந்து போவேன்.

ஊரெல்லாம் வெயில்.
கோட்டைச் சுவரில் கை வைத்தால் கொப்புளிக்கும்.
பாலாற்று மணலில் பொரி பொரிக்கலாம்.
அந்த வெயில்
தில்ஷாத் வீட்டுக்கு வந்தால்
செருப்புகளோடு வாசலிலேயே நின்றுவிடும்.

உள்ளே திரை இறங்கியிருக்கும். மின்விசிறி ஓடாது.
காற்றுப் பட்டால் தூள் பறக்கும்.
சூடு பட்டால் ஊறின இலை முறுகும்,
முறுகினது சுருட்டும்போது கிழியும்,
கிழிந்ததைக் கம்பெனியில் கழித்துவிடுவார்கள்.
அந்த இருட்டில்தான் ஒன்பது மாதமும் சுமந்தாள்.
ஒன்பது என்பதும் சரியில்லை,
முப்பத்தாறு வாரம்.

பிறந்த எடையை அட்டையில் பார்த்துப் படித்தேன்:
ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது.
விரலை மடக்கினாள்.
"ஆயிரம் பீடிக்கு எலை அறுநூத்தம்பது கிராம் குடுக்கறான்.
அப்ப இவன் மூவாயிரத்துக்குப்
பத்து கிராம் கம்மி. இன்னாக்கா?"
நான் சிரித்திருக்கக் கூடாது.
அவளும்தான் சிரித்தாள்.

நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும்.
தலையை அவள் பிடிப்பாள்,
முழங்காலை நான் அழுத்துவேன்.
வீறிட்டு அழுவான்.
குதிகாலைப் பலகை தொடுகிற அந்த நொடியில்
கண்ணை நேர்வைத்துப் படிக்க வேண்டும்;
சாய்ந்து பார்த்தால் அரை சென்டிமீட்டர் கூடிவிடும்.
நாலாம் மாதம் எனக்குச் சாய வேண்டும் போலிருந்தது.
சாயவில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தில் வைட்டமின் டி
எட்டு என்று வந்திருந்தது.
இருபதாவது இருக்க வேண்டும் என்றேன்.
"வெயில் அடிக்கற ஊருல வெயில் பத்தலையா?"
என்னையே குற்றம் சொல்வது போலக் கேட்டாள்.
பிறகு மெதுவாக,
"இவன் குட்டையாக் கீறது
எடையாலயா, அதாலயா?"

கூட்டத்தில் டாக்டரிடம் இதையே கேட்டேன்.
எடையின் நிழல் வருஷம் முழுக்கத் தெரிகிறது என்றார்.
மற்றதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்,
இரண்டும் ஒரே அறையிலிருந்து வந்தவை.
அந்தக் கடைசி வரியை அவளிடம் நான் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன்
மூன்று கிலோ நூறில் பிறந்தவன்.
இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தால்
கோடுகள் காட்பாடித் தண்டவாளம் போல ஓடுகின்றன.
இவனுடையதும் ஏறத்தான் செய்கிறது.
இடைவெளிதான் குறையவில்லை.

சொட்டு மருந்து கொடுத்தேன்.
வெயிலை அவளே கண்டுபிடித்தாள்:
பத்தே முக்காலுக்கு,
இரண்டு கூரைகளுக்கு நடுவே புகுந்து,
வாசற்படியில் ஒரு துண்டு அகலத்துக்கு விழும்.
இருபத்தைந்து நிமிஷம்.
முறத்தை ஒதுக்கிவிட்டு,
சட்டையைக் கழற்றி அவனை மடியில் கிடத்திக்கொள்வாள்.
நாற்பது பீடி போகும்.
போகட்டும் என்றாள்.

ஆறாம் மாதம் எதிர்வீட்டில்
மாடி எழுப்ப ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாம் மாதம் போனேன்.
வாசற்படியில் நிழல்.
அவள் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கோடுகள்,
ஒன்றின் மேல் ஒன்று.
வெயில் எதுவரை இறங்குகிறது என்று
செங்கல் வரிசை ஏற ஏறக் கிழித்திருக்கிறாள்.
பையன் மூன்று மாதத்தில் மூன்றே முக்கால் வளர்ந்திருந்தான்.
கோடு மூன்று முழம் ஏறியிருந்தது.

மணி பத்து நாற்பத்தெட்டு.
இரண்டு கையாலும் அவனைத் தூக்கித்
தலைக்கு மேல் பிடித்தாள்.
கொத்தனார் எட்டிப் பார்த்தார்.
இடுப்புக்கு மேலே மஞ்சள் வெளிச்சம்,
கால்கள் இன்னும் நிழலில் உதைத்துக்கொண்டிருந்தன.
நான் தராசைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"கை கடுக்குதுக்கா" என்றாள்,
இறக்காமலே.
"எடை ஏறிக்கிறான்.
எழுதிக்கோ."